லெகோ கட்டைகளில் ஆகாயக் கப்பல்

லெகோ கட்டைகளை வைத்துப் பெரியவர்கள் செய்யும் மாதிரிகளில் கற்பனை ஆகாயக் கப்பல் தனி ரகம். கீழே மரக்கலம் போன்ற உடல், மேலே பாய்மரங்களோ சுருட்டு வடிவ வாயுக்கூடோ, பின்னால் சுழல்விசிறிகள், பக்கவாட்டில் பீரங்கிகள், மேல்தளத்தில் 4 சென்டிமீட்டர் உயரமுள்ள மாலுமிகள். பெரிய கப்பல் என்றால் நீளம் ஒரு மீட்டரைத் தொடும், சில அதையும் தாண்டும். இந்த அளவில் கப்பல் கடையில் பெட்டியாகக் கிடைப்பதில்லை. கட்டுபவரே வரைந்து, வேண்டிய உருப்படிகளைத் தேடி வாங்கி, கட்டிப் பார்த்து, பிரித்து, மறுபடி கட்டித்தான் முடிக்க வேண்டும்.

கோட்டையோ ரயில் நிலையமோ கட்டுவதைவிட இது கடினம். கட்டிடம் தரையில் நிற்பது. கட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று நிற்பதற்கென்றே செய்யப்பட்டவை. ஆகாயக் கப்பலோ கனமே இல்லாததுபோலத் தெரிய வேண்டும், உருண்டு வளைந்திருக்க வேண்டும், தரையில் படாமல் இருக்க வேண்டும். மூன்றுமே கட்டையின் சுபாவத்துக்கு ஒவ்வாதவை. வெளியே தெரிவது கற்பனை. அதைத் தாங்கி நிற்பது உள்ளே இருக்கும் கறாரான கணக்கு.

கட்டையும் அதன் அளவுகளும்

டென்மார்க்கின் பில்லுண்டு ஊரில் தச்சராக இருந்த ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் 1932இல் மர பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 1949இல் அவருடைய நிறுவனம் பிளாஸ்டிக் கட்டைகளைக் கொண்டுவந்தது. ஹிலரி ஃபிஷர் பேஜ் என்ற ஆங்கிலேயர் அதற்கு முன்பே விற்றுவந்த கிட்டிகிராஃப்ட் கட்டைகளைப் பார்த்துச் செய்தவை அவை. மேலே குமிழ்கள், அடியில் வெறும் குழி. அடுக்கினால் நிற்கும், பக்கவாட்டில் தள்ளினால் கழன்றுவிடும். ஓலேயின் மகன் காட்ஃபிரெட் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவத்தில் குழிக்குள் குழாய்கள் சேர்ந்தன. கீழே இருக்கும் கட்டையின் குமிழ், மேல் கட்டையின் குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து இறுகிக்கொள்கிறது. பசையோ ஆணியோ இல்லாமல் ஒரு மீட்டர் கப்பல் நிற்பது இந்தப் பிடிப்பை நம்பித்தான். 1963இல் நிறுவனம் ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு மாறியது. உருக்குலையாமல் அளவு காக்கும் பொருள் அது.

பெரிய மாதிரி கட்டுபவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய எண்கள் மூன்று. குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையம்வரை 8 மி.மீ. கட்டையின் உயரம், குமிழைச் சேர்க்காமல், 9.6 மி.மீ. தகடு எனப்படும் மெல்லிய உருப்படியின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மி.மீ. அகலமும் உயரமும் ஒரே அலகில் இல்லாததால் கட்டையைப் படுக்கப் போட்டால் அளவு இடிக்கும். ஆனால் ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 மி.மீ.; இரண்டு குமிழ் அகலமும் 16 மி.மீ. இந்தச் சமன்பாடு கையில் இருந்தால் கட்டையை எந்தப் பக்கமும் திருப்பிக் கட்டலாம். குமிழ்கள் மேல்நோக்கி இல்லாமல் பக்கவாட்டிலோ தலைகீழாகவோ இருக்கும்படி கட்டும் இந்த முறையைக் கட்டுபவர்கள் ‘ஸ்நாட்’ என்று சொல்கிறார்கள். ஆகாயக் கப்பலின் வெளித்தோற்றம் முழுக்க இந்த முறையில் உருவாவது என்றே சொல்லிவிடலாம்.

இதற்கு உள்ளே எலும்புக்கூடாக இருப்பது 1977இல் வந்த டெக்னிக் வகை உருப்படிகள். துளையிட்ட சட்டங்கள், அந்தத் துளைகளில் செருகும் பின்கள், அச்சுத் தண்டுகள், பற்சக்கரங்கள் எல்லாம் இந்த வகை. துளைகளின் இடைவெளியும் அதே 8 மி.மீ. என்பதால் இரண்டு வகையும் ஒரே மாதிரியில் கலந்து வேலை செய்யும்.

கப்பல் வானில் ஏறிய கதை

மரக்கலத்தை அப்படியே வானில் மிதக்கவிடும் எண்ணம் பழையது. இத்தாலியப் பாதிரியார் ஃபிரான்செஸ்கோ லானா 1670இல் வெளியிட்ட நூலில் ஒரு பறக்கும் படகின் படம் இருக்கிறது. படகுக்கு மேலே மெல்லிய செம்புத் தகட்டாலான நான்கு பெரிய கோளங்கள், நடுவில் ஒரு பாய்மரம். கோளங்களுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டால் அவை காற்றைவிட இலேசாகிப் படகைத் தூக்கும் என்பது அவர் கணக்கு. தர்க்கம் சரி, நடைமுறை சரியில்லை. அவ்வளவு மெல்லிய கோளத்தை வெளிக்காற்றின் அழுத்தமே நசுக்கிவிடும். ஆனால் இன்றைக்கும் கற்பனை ஆகாயக் கப்பல் என்றதும் கட்டுபவர்கள் மனத்தில் தோன்றும் உருவம் லானாவின் படகிலிருந்து அதிக தூரம் விலகவில்லை.

நிஜ ஆகாயக் கப்பல்களின் காலம் குறுகியது. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் ஏரிமீது 1900 ஜூலை 2 அன்று முதல் செப்பலின் பறந்தது. லண்டனுக்கு வடக்கே கார்டிங்டனிலிருந்து கராச்சிக்குப் புறப்பட்ட பிரிட்டனின் ஆர்101, 1930 அக்டோபர் 5 அதிகாலை பிரான்ஸில் விழுந்து எரிந்தது. 48 பேர் இறந்தனர். 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் ஹிண்டன்பர்க் எரிந்ததோடு பயணிகள் ஆகாயக் கப்பலின் கதை முடிந்தது. வானத்தில் இடமில்லாமல் போன உருவம் கதைக்குள் குடியேறிவிட்டது. ஜூல் வெர்னின் ‘ராபர்’ நாவல் 1886லேயே பாய்களுக்குப் பதில் விசிறிகள் சுழலும் பறக்கும் கப்பலைக் காட்டியிருந்தது. ஹயாவோ மியாசாகியின் ‘லபுடா’ படம் 1986இல் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கிய ‘ஃபைனல் ஃபேண்டஸி’ வீடியோ விளையாட்டு வரிசையில் ஆகாயக் கப்பல் தவறாமல் இடம்பெறும் வாகனமானது.

லெகோ நிறுவனமே இந்த ருசியை அறிந்திருக்கிறது. நிஞ்சாகோ வரிசையின் பறக்கும் கப்பலான ‘டெஸ்டினிஸ் பவுன்ட்டி’ 2012இல் 684 உருப்படிகளுடன் வந்தது. 2017இல் அந்த வரிசையின் திரைப்படத்தையொட்டி 2,295 உருப்படிகளுடன் மீண்டும் வந்தது. ‘தி லெகோ மூவி’யில் வரும் கடற்கொள்ளையர் தலைவன் மெட்டல்பியர்டின் ‘ஸீ கவ்’ கப்பல் 2014இல் 2,741 உருப்படிகளுடன் விற்பனைக்கு வந்தது. இந்த இரண்டு கப்பல்களுக்கும் மேலே பெரிய வாயுக்கூடு கிடையாது என்பது கவனிக்கத்தக்கது. பாய்மரக் கப்பல் தன்பாட்டில் பறக்கிறது; எப்படி என்று கதை கேட்பதில்லை. இந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் அழகியலைவிட அளவுப் பிரச்சினை பெரிதாக இருக்க வேண்டும்.

அளவு என்னும் முதல் சிக்கல்

லெகோவின் குட்டி மனித உருவம் 1978இல் வந்தது. அதன் உயரம் ஏறக்குறைய 4 செ.மீ. அதை 1.7 மீட்டர் உயர மனிதராகக் கொண்டால் மாதிரியின் விகிதம் சுமார் 42க்கு 1. இந்த விகிதத்தில் 245 மீட்டர் நீளமுள்ள ஹிண்டன்பர்க்கைக் கட்டினால் 5.8 மீட்டர் வரும். விட்டம் மட்டுமே ஒரு மீட்டர். நடுத்தர வீட்டின் கூடத்தில் அது அடங்காது.

மறுபக்கமிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஒரு மீட்டர் நீளமும் 30 செ.மீ. விட்டமும் உள்ள வாயுக்கூடு மாதிரிக்கு நல்ல அளவு. அதே விகிதத்தில் நிஜமாக்கினால் 42 மீட்டர் நீளம், 12.6 மீட்டர் விட்டம். ஏறத்தாழ இதே அளவுள்ள ஆகாயக் கப்பல் ஒன்று உண்மையில் இருந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி ஜிஃபார் 1852 செப்டம்பர் 24 அன்று பாரிஸிலிருந்து 27 கி.மீ. பறந்த கலம் 44 மீட்டர் நீளம், 12 மீட்டர் விட்டம். அது சுமந்தது 3 குதிரைத்திறன் நீராவி எந்திரத்தையும் ஜிஃபார் ஒருவரையும். லெகோ கப்பலிலோ அதே அளவு கூட்டின்கீழ் மூன்று அடுக்கு மரக்கலம், பத்துப் பீரங்கி, இருபது மாலுமி, சமையலறை எல்லாம் தொங்கும். கற்பனை இங்கே விருப்பத்துக்காக மட்டும் வரவில்லை. விகிதத்தை நேர்மையாக வைத்துக்கொண்டால் மாதிரியில் கூடு மட்டுமே தெரியும், கப்பல் ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். மந்திரக் கல், மிதப்பு எந்திரம், பெயரில்லாத ஓர் இலேசான வாயு என்று எதையாவது கதையில் சேர்த்துக்கொண்டு கட்டுபவர்கள் கூட்டைச் சிறிதாக்கிக் கப்பலைப் பெரிதாக்குகிறார்கள்.

லெகோ கப்பலுக்குள் ஹீலியம் நிரப்பினால் மிதக்குமா என்ற கேள்வி வரக்கூடும். மேற்சொன்ன கூட்டின் உட்கொள்ளளவு சுமார் 47 லிட்டர். ஒரு லிட்டர் ஹீலியம் சுமார் ஒரு கிராமைத் தூக்கும். ஆக 47 கிராம். சாதாரண 2×4 கட்டை ஒன்றின் எடை சுமார் 2.3 கிராம், இருபது கட்டைகளோடு கணக்குத் தீர்ந்தது. கூட்டின் வெளிச்சுவரே கிலோக்கணக்கில் வரும். நீளம் இரட்டிப்பானால் கொள்ளளவு எட்டு மடங்காகும், வெளிப்பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். நிஜ ஆகாயக் கப்பல்கள் அவ்வளவு பூதாகரமாக இருந்ததற்குக் காரணம் இதுவே. ஹிண்டன்பர்க்கின் 2 லட்சம் கன மீட்டர் ஹைட்ரஜன் 200 டன்னுக்கு மேல் தூக்கியது.

தலைகீழான பாரம்

நிஜக் கலத்துக்கும் மாதிரிக்கும் உள்ள பெரிய வேறுபாடு பாரம் போகும் திசை. நிஜத்தில் கூடு மேலே இழுக்கிறது, கப்பல் அதிலிருந்து தொங்குகிறது; நடுவில் இருக்கும் கயிறுகள் இழுவிசையில் விறைத்து நிற்கின்றன. மாதிரியில் கூடு கீழே அமுக்குகிறது. கப்பல் அதைச் சுமக்க வேண்டும். கயிற்றால் எதையும் தாங்கிப் பிடிக்க முடியாது. கப்பலைத் தாங்குவதாகப் பார்வையாளர் நம்பும் கயிறுகள் உண்மையில் சும்மா கட்டப்பட்டிருக்கும். சுமையைத் தாங்குவது வேறு எங்கோ மறைந்திருக்கும் தூண்.

அந்தத் தூணை எங்கே ஒளிப்பது என்பதில்தான் திறமை தெரியும். நடுப் பாய்மரத்துக்குள் டெக்னிக் சட்டங்களை வைப்பது எளிய வழி. புகைபோக்கிக்குள் வைப்பது இன்னும் நல்லது. தடிமனாக இருந்தாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பின்புறத்தில் கூட்டையும் கப்பலையும் இணைக்கும் சுக்கான் சட்டகம் மூன்றாவது வழி. இந்த மூன்றில் இரண்டையாவது சேர்த்துப் பயன்படுத்தினால்தான் கூடு முன்னும் பின்னும் ஆடாது. ஒற்றைத் தூணில் நிறுத்தப்பட்ட கூடு நாளடைவில் ஒரு பக்கமாகச் சாயும்.

அமுக்கும் பாரத்துக்குக் கட்டை அஞ்சாது. பிபிசி கேட்டுக்கொண்டதற்காக பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2012இல் 2×2 கட்டைகளை எந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தது. சராசரியாக 432 கிலோ வரை அவை தாங்கின. அந்தக் கணக்கில் 3,75,000 கட்டைகளை, அதாவது சுமார் 3.5 கி.மீ. உயரத்துக்கு, அடுக்கிய பிறகுதான் அடிக்கட்டை சிதையும். ஆனால் அதே கட்டையைக் குமிழிலிருந்து பிரித்தெடுக்க ஒரு குழந்தையின் விரல் போதும். அமுக்கத்தில் யானை பலம், இழுவையில் பலவீனம். ஆகாயக் கப்பலில் தொங்கும் பகுதிகள் நிறைய இருப்பதால் இந்த உண்மை எல்லா முடிவுகளையும் ஆள்கிறது. எங்கெல்லாம் எடை தொங்குகிறதோ அங்கெல்லாம் குமிழ்ப் பிடிப்பை நம்பாமல், சட்டத்தின் துளையில் குறுக்காகச் செருகிய பின்னில் எடையை ஏற்றுவது வழக்கம். பின் குறுக்கே கிடப்பதால் எடை அதை உருவியெடுக்கும் திசையில் இழுக்காது.

அடுத்தது நீளவாக்கில் தொய்வு. துளையிட்ட டெக்னிக் கட்டைகளில் நீளமானது 16 குமிழ் நீளம், 12.8 செ.மீ. ஒரு மீட்டர் முதுகெலும்புக்கு இவற்றில் எட்டையாவது வரிசையாக இணைக்க வேண்டும். செங்கல் சுவரில் கொத்தனார் மூட்டுகளை விலக்கி வைப்பதுபோல, ஒரு வரிசையின் மூட்டு அடுத்த வரிசைக் கட்டையின் நடுவில் வரும்படி இரட்டை வரிசையாகக் கட்டுவார்கள். அதைவிட முக்கியம் முதுகெலும்பின் உயரம். உயரம் இரண்டு மடங்கானால் வளையாமல் நிற்கும் விறைப்பு எட்டு மடங்காகும். எனவே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சட்டங்களை இடைவெளி விட்டு வைத்து நடுவில் குறுக்குச் சட்டம் பூட்டுவது சிக்கனமான வழி. இங்கே இரண்டு கணக்குகள் உதவுகின்றன. இரண்டு டெக்னிக் கட்டைகளுக்கு நடுவில் இரண்டு தகடுகளை வைத்தால் மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் இடைவெளி 9.6உம் 6.4உம் சேர்ந்து சரியாக 16 மி.மீ.; செங்குத்தாக ஒரு சட்டத்தைப் பின் போட்டுப் பூட்டிவிடலாம். சாய்வாகப் பூட்டுவதற்குப் பள்ளியில் படித்த 3, 4, 5 முக்கோணமே போதும். 6, 8, 10ஓ 5, 12, 13ஓ கூடச் சரியாகத் துளைக்குத் துளை பொருந்தும். மற்ற அளவுகளில் சாய்வுச் சட்டம் துளைக்கு நேராக வராது, வலிந்து பூட்டினால் கட்டை வளைந்து நிற்கும்.

உருண்டையான கூடு

சதுரக் கட்டைகளிலிருந்து உருண்டை எடுப்பது எப்படி? படிப்படியாக அடுக்கிக் குறைத்துக்கொண்டே போவது பழைய வழி. கோபுரத்துக்குப் பொருந்தும், ஆகாயக் கப்பலுக்குப் பொருந்தாது, பக்கவாட்டில் படிக்கட்டு தெரியும், எடையும் ஏறிவிடும்.

செப்பலின்களின் எலும்புக்கூட்டையே பின்பற்றுவது மேலான வழி. அந்தக் கலங்களில் டூராலுமின் என்ற அலுமினியக் கலவையாலான பல்கோண வளையங்கள் வரிசையாக நிற்க, நீளச் சட்டங்கள் அவற்றைப் பிணைத்தன. வாயு தனித்தனிப் பைகளில் இருந்தது, துணி வெளியே போர்த்தப்பட்டிருந்தது. லெகோவில் வளையங்கள் டெக்னிக் சட்டங்களாலும், வெளிப்பரப்பு தகடுகளாலான நீள்பலகைகளாலும் ஆகும். பலகைகள் ஒன்றோடொன்று கீல்களால் சேரும்.

எத்தனை பக்கம் வைப்பது என்பது முதல் முடிவு. நிறுவனத்தின் சொடுக்குக் கீல்கள் 22.5 பாகைக்கு ஒருமுறை தடுத்து நிற்பவை. 360 பாகையை அதால் வகுத்தால் 16. ஆகவே பதினாறு பக்கக் கூட்டில் ஒவ்வொரு மூலையும் தானாகவே சரியான கோணத்தில் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பலகையும் 8 குமிழ் அகலம் என்றால் கூட்டின் விட்டம் சுமார் 32 செ.மீ.; 6 குமிழ் என்றால் 24 செ.மீ. பன்னிரண்டு பக்கம் வேண்டுமென்றால் தடையில்லாமல் சுழலும் கீலோ கவ்வியோ தேவை. 10 குமிழ் அகலப் பலகைகளில் விட்டம் 30 செ.மீ.க்கு மிக அருகில் வரும். பக்கங்கள் குறைந்தால் வேலை குறையும், ஆனால் உருண்டை போய்ப் பெட்டித்தோற்றம் வந்துவிடும். எட்டுப் பக்கத்துக்குக் கீழே போனால் கூடு விளக்குக் கூண்டுபோல் ஆகிறது. நீராவிக் காலத்துப் பாணியில் அதுவும் ஒரு அழகு என்று வாதிடுபவர்கள் உண்டு.

நடுப்பகுதி சுலபம். மூக்கும் வாலும்தான் படுத்தும். அங்கே பலகையின் அகலம் படிப்படியாகக் குறைய வேண்டும். ஆனால் அகலம் குமிழ் குமிழாகத்தான் குறையும். இடது, வலது என்று ஜோடியாக வரும் ஆப்பு வடிவத் தகடுகள் இதற்காகவே படைக்கப்பட்டவைபோல் உதவுகின்றன. பதினாறு பலகைக்கும் இரு முனைகளிலும் இவை தேவைப்படுவதால், எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தில் இடதும் வலதும் சம எண்ணிக்கையில் சேர்ப்பது பொறுமையைச் சோதிக்கும். கூர்மையான நுனியைக் கட்டையால் முடிப்பதற்குப் பதிலாக ஒரு வட்டத் தட்டைக் கவிழ்த்து மூடிவிடுவார்கள்.

தகடுகளுக்குத் தடிமன் இருப்பதால் பலகைகள் சந்திக்கும் மூலையில் வெளிப்புறம் ஒரு பிளவு திறந்திருக்கும். அதை மறைக்கப் பாடுபடுவதைவிட, அதன்மேல் நீளவாக்கில் பித்தளை நிறக் கம்பியையோ வளையும் குழாயையோ ஓடவிட்டு விலா எலும்பாக்கிவிடுவது புத்திசாலித்தனம். பார்ப்பவருக்கு அது செப்பலினின் நீளச் சட்டமாகத் தெரியும்.

லானா வரைந்ததுபோல் சிறு கோளங்கள் வேண்டுமென்றால் வழி வேறு. புரூஸ் லோவெல் என்பவர் வடிவமைத்த ‘லோவெல் கோளம்’ கட்டுபவர்களிடையே பிரசித்தம். நடுவில் ஒரு கனசதுரம். அதன் ஆறு முகங்களிலும் குமிழ்கள் வெளிநோக்கி இருக்கும். ஒவ்வொரு முகத்திலும் ஒரே மாதிரியான சிறு தகட்டு மேடு. ஆறும் சேர்ந்தால் 6.8 குமிழ் விட்டமுள்ள உருண்டை. இதே தத்துவத்தைப் பெரிய கோளங்களுக்கு விரித்துக் கணக்கிட்டுத் தரும் மென்பொருளும் இருக்கிறது.

மரக்கலத்தின் உடல்

கப்பலின் உடலுக்கும் கூட்டின் தத்துவமே. நடுவில் முதுகெலும்பு, பக்கவாட்டில் விலாக்கள், அவற்றின்மேல் சாய்த்துப் பொருத்திய பலகைகள். குமிழில்லாத வழுக்குத் தகடுகளைப் பக்கவாட்டில் வரிசையாகப் பதித்தால் மரப்பலகை ஒட்டியதுபோலவே இருக்கும். நீளம் ஒழுங்காக இல்லாமல் கலைந்து கிடந்தால் இன்னும் நன்று. ஒரே நீளத் தகடுகள் ஒரே வரிசையில் முடிந்தால் மரம் குளியலறைச் சுவராகிவிடும்.

நிறத்தில் ஒரு சூட்சுமம். 2004 வாக்கில் நிறுவனம் தன் பழுப்பு, சாம்பல் நிறங்களை மாற்றியது. பழைய பழுப்பும் புதிய செம்பழுப்பும் அருகருகே வைத்தால் வேறாகத் தெரியும். வீட்டுச் சுவர் கட்டுபவருக்கு இது தலைவலி. கப்பல் கட்டுபவருக்கு வரம். இரண்டையும் கரும்பழுப்பையும் கலந்தால் வெயிலும் மழையும் பட்ட மரத்தின் தோற்றம் தானாக வருகிறது. செம்பழுப்பு உருப்படிகளில் சில ஆண்டுகளில் வந்தவை எளிதில் உடைவது கட்டுபவர்கள் நன்கறிந்த விஷயம். ஆகவே கவ்வி போன்ற மெல்லிய உருப்படிகளை இந்த நிறத்தில் பழையதாக வாங்கத் தயங்குவார்கள், உள்ளே தெரியாத இடத்தில் வேறு நிறத்தைப் போட்டுவிடுவார்கள்.

பாய்களையும் கயிறுகளையும் பற்றி ஓயாத சச்சரவு ஒன்று உண்டு. லெகோ உருப்படி தவிர வேறெதுவும் கூடாது, வெட்டுவதோ ஒட்டுவதோ வண்ணம் பூசுவதோ கூடாது என்பது தூய்மைவாதிகள் கட்சி. 1989இல் வந்த கடற்கொள்ளையர் வரிசையிலிருந்து துணிப் பாய்களும் கயிறுகளும் நிறுவனமே தருகிறது. ஆனால் ஒரு மீட்டர் கப்பலுக்கு அந்த அளவுகள் போதாது. தையற்கடைத் துணியில் பாய் வெட்டிக்கொள்பவர்கள் மறுகட்சி. தகடுகளைக் கீலில் கோத்து, காற்றில் புடைத்ததுபோல் வளைத்துப் பாய் செய்பவர்கள் நடுவில் நிற்கிறார்கள். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், எடையில் பாய்மரத்தை வளைத்துவிடும். இதோடு சேர்ந்த இன்னொரு விவாதம், கட்டைகளை வலிந்து பொருத்தலாமா என்பது. நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஜேமி பெரார்ட் 2006இல் ஆற்றிய உரை ஒன்றில் எந்தெந்த இணைப்புகள் பிளாஸ்டிக்கை விறைக்கவைத்துக் கெடுக்கும் என்று படங்களோடு விளக்கினார். கட்டுபவர்கள் ‘சட்டவிரோத இணைப்பு’ என்று விளையாட்டாகச் சொல்வது அந்த வகையை. ஒரு நாள் காட்சிக்கு அது தாங்கும். ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டிய கப்பலில் வெடிப்பு விழும்.

சுழல்விசிறிகளுக்கு மோட்டார் வைப்பவர்கள் அதைக் கூட்டில் வைக்காமல் கப்பலின் அடித்தளத்தில் வைப்பார்கள். மின்கலப் பெட்டியின் எடை கீழே இருந்தால் கப்பல் கவிழாது. அங்கிருந்து அச்சுத் தண்டும் சாய்பல் சக்கரங்களும் சுழற்சியை மேலே கொண்டுபோகும். வேகம் குறைவாக இருப்பது முக்கியம். மாதிரியின் விசிறி படபடவென்று சுற்றினால் பிரம்மாண்டம் கலைந்து விளையாட்டுச் சாமான் ஆகிவிடும்.

திரையும் சந்தையும்

இவ்வளவையும் கையால் கட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதில்லை. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஜெசிமன் 1995இல் உருவாக்கிய எல்டிரா மென்பொருள் கட்டைகளைக் கணினித் திரையில் அடுக்கும் வழியைத் திறந்துவைத்தது. இரண்டாண்டுக்குள் அவர் மறைந்துவிட்டார். அவர் வகுத்த கோப்பு முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது. இப்போது பலரும் பயன்படுத்துவது பிரிக்லிங்க் தளத்தின் இலவச ஸ்டுடியோ மென்பொருள். எந்த உருப்படி எந்த நிறத்தில் எத்தனை வேண்டும் என்ற பட்டியலை அதுவே கொடுத்துவிடும். ஆனால் திரையில் கச்சிதமாக நின்ற கூடு மேசையில் தொய்வதும், திரையில் வரைந்த நிறத்தில் அந்த உருப்படி வெளிவந்ததே இல்லை என்று பிறகு தெரிவதும் சகஜம். எல்லா வடிவமும் எல்லா நிறத்திலும் வருவதில்லை. கப்பலின் நிறத்தைத் தீர்மானிப்பது பல சமயம் கட்டுபவரின் விருப்பத்தைவிடச் சந்தையில் இருக்கும் கீல்களின் நிறம்.

டான் ஜெசெக் 2000இல் தொடங்கிய பிரிக்லிங்க், உலகெங்கும் உள்ள சிறு விற்பனையாளர்கள் தனித்தனிக் கட்டைகளை விற்கும் இணையச் சந்தை. 2019இல் லெகோ நிறுவனமே அதை வாங்கிக்கொண்டது. உருப்படி ஒன்றுக்கு 10 அமெரிக்க சென்ட் என்பது கட்டுபவர்களிடையே வழங்கும் தோராயக் கணக்கு. பத்தாயிரம் உருப்படிக் கப்பல் என்றால் ஆயிரம் டாலர், அஞ்சல் செலவு தனி. இந்தியாவில் இருப்பவருக்கு இதற்குமேலும் செலவு உண்டு. பொம்மைகள்மீதான அடிப்படைச் சுங்கவரி 2020இல் 20லிருந்து 60 சதவீதமாகவும் 2023இல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது.

செப்டம்பர் மாதத்தில் நீளம் குறைந்தது 100 குமிழ், அதாவது 80 செ.மீ., உள்ள கலம் ஒன்றைக் கட்டி முடிக்கும் ‘ஷிப்டெம்பர்’ வழக்கம் இந்த வட்டாரத்தில் பிரபலம். பெரும்பாலும் விண்கலங்கள்தான் வரும். அவற்றுக்கு நடுவே அவ்வப்போது பாய் விரித்த ஆகாயக் கப்பலும் தலைகாட்டும்.

நிறுத்துவதும் நகர்த்துவதும்

முடிந்த கப்பலை எதன்மேல் நிறுத்துவது? ஒளி ஊடுருவும் கட்டைகளால் தாங்கி செய்தால் கப்பல் மிதப்பதுபோல் ஓரளவு ஏமாற்றலாம். டெக்னிக் சட்டங்களால் தூண் நிறுத்தி, அதைப் பாறைகளாலோ மேகங்களாலோ கப்பல் துறைமேடையாலோ மறைப்பது அதிகம் காணப்படும் வழி. துறைமேடை நல்ல தேர்வு. தாங்கியே கதையின் பகுதி ஆகிவிடுகிறது. கூரையிலிருந்து தொங்கவிட்டால் இயற்பியல் நிஜக் கலத்துக்குத் திரும்பிவிடும்: கூடு மேலே பிடிக்க, கப்பல் கீழே தொங்க, கயிறுகள் நிஜமாகவே சுமக்கும். ஆனால் தொடக்கத்திலேயே அப்படித் திட்டமிட்டு, மேற்கம்பி முதல் அடித்தளம்வரை பின்கள் வழியாகவே எடை இறங்கும்படி கட்டியிருக்க வேண்டும். மேசையில் நிற்பதற்காகக் கட்டிய கப்பலைப் பிறகு தொங்கவிட நினைப்பது ஆபத்து.

பெரிய கப்பல்கள் பிரித்து எடுத்துச் செல்லும்படி கட்டப்படுகின்றன. கூடு இரண்டு மூன்று துண்டு, உடல் இரண்டு துண்டு, பாய்மரங்களும் சுக்கான்களும் தனி. ஒவ்வொரு துண்டும் காரின் பின்பெட்டியில் வைக்கும் அளவைத் தாண்டக் கூடாது; சில பின்களை உருவினால் பிரிய வேண்டும். டென்மார்க்கின் ஸ்கேர்பெக்கிலும் அமெரிக்காவின் சியாட்டில், சிகாகோ வட்டாரங்களிலும் நடக்கும் ரசிகர் கண்காட்சிகளுக்கு இப்படித்தான் கப்பல்கள் வந்து சேர்கின்றன. சாலை அதிர்ச்சியில் குமிழ்ப் பிடிப்புகள் மெல்லத் தளர்வதால், உடைந்ததைச் சரிசெய்ய ஒரு பெட்டி உதிரிகளும் கூடவே வரும்.

வீட்டில் வைத்திருந்தால் எதிரிகள் இரண்டு. நேர்வெயில் பட்டால் வெள்ளை, சாம்பல் கட்டைகள் மஞ்சளிக்கும். தூசு கயிறுகளிலும் குமிழ்களிடையிலும் தங்கும். மென்மையான வண்ணத்தூரிகையால் துடைப்பது தவிர வேறு வழியில்லை.

பெரும்பாலான கப்பல்கள் நெடுநாள் நிற்பதில்லை. இடமும் கட்டைகளும் அடுத்த மாதிரிக்கு வேண்டும். பிரித்தபின் ஆயிரக்கணக்கான உருப்படிகளை நிறவாரியாகப் பிரித்துப் போடுவது புதியவர்களின் வழக்கம். அனுபவசாலிகள் வடிவவாரியாகப் போடுகிறார்கள்: ஒரே பெட்டியில் பல நிறக் கீல்கள் கிடந்தால் பழுப்புக் கீல் உடனே கண்ணில் படும், பழுப்புக் கட்டைகள் மட்டுமே குவிந்த பெட்டியில் ஒரு பழுப்புக் கீலைத் தேடி எடுப்பதற்குள் பொழுது போய்விடும்.